கயிறு கட்டின கத்தி

— இந்தக் குறடு பாரமாக் கிடக்கு, முதலாளி. கரண்டு வேலை பழகக் கொழும்புக்குப் போற பொடியனுக்கு இது சரிவருமோ?

— சந்தியோகு, உம்மடை மகன் சில்வெஸ்ரரை நேற்றுப் பின்னேரம்தான் சேமக்காலையிலை வைச்சுப்போட்டு வந்தனாங்கள். நானும் ஒரு பிடி மண் போட்டனான்.

— ஓம், போட்டனீங்கள். சேசு உங்களுக்கு நன்மை செய்வார். குறட்டைச் சொல்லுங்கோ.

— போக இருந்தவன் போயிட்டான். இனி ஆருக்குக் குறடு? வீட்டை போய்க் கொஞ்சம் படும்.

— படுக்கேலாது, முதலாளி. கண்ணை மூடினா அந்த மண்டாதான் தெரியுது. மீன் குத்துற மண்டா. நெஞ்சாலை போய் முதுகாலை வெளிக்கிட்டு நிண்டது. நான்தான் இழுத்து எடுத்தனான். லேசிலை வரேல்லை. என்ரை பிள்ளையின்ரை நெஞ்சிலை காலை ஊண்டி இழுத்தனான்.

— முருகா! போதும், சொல்லாதையும்.

— ஒரு கடதாசி முடிக்காக. திருநாள் கூத்திலை, கூத்துப் பழக்கிற அண்ணாவியார் ராசா வேசத்தை என்ரை மகனுக்குக் குடுத்திட்டார் எண்டு அந்த எஸ்தாக்கிக்குக் கோவம். சேர்ந்து படிச்சு, சேர்ந்து கடலுக்குப் போன பொடியள்.

— எஸ்தாக்கியைப் பொலிசு பாத்துக்கொள்ளும்.

— பொலிசு அவனைப் பாக்கட்டும். நீங்கள் குறட்டைப் பாருங்கோ.

— உம்மோடை கதைச்சு வெல்லேலாது. அது ஆணி புடுங்கிற குறடு, ஐசே. கம்பி முறுக்க இந்தச் சின்னன் காணும். பிடியிலை பழைய சைக்கிள் ரியூப்பைச் சுத்தித் தாறன். கரண்டு இரும்பாலை ஏறும், ரப்பராலை ஏறாது. தெற்கை காலிப் பட்டினத்திலை கடை வைச்சிருக்கேக்கை எத்தினை பேருக்குச் சுத்திக் குடுத்தனான் தெரியுமோ?

— ஆணி முறுக்கிற திருப்புளி?

— பெரிசு ஒண்டு, சின்னன் ஒண்டு. பிறகு ஒரு சுத்தியல். மரத்திலை துளை போடத் துறப்பணம். தொடங்கிறவனுக்கு இவ்வளவும் தாராளம். சண்டைக் காலத்திலை கப்பல் வராமல் இதுகளே கிடைக்கிறது அருமை.

— கத்தியை விட்டிட்டியள்.

— தெரிஞ்சுதான் விட்டனான்.

— கம்பியின்ரை தோலை உரிக்கக் கத்தி இல்லாமல் போகாதை எண்டு என்ரை மகனுக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள்?

— சொன்னனான்தான். இந்தாரும், நுனி மழுங்கினது.

— பிடியிலை ஒரு ஓட்டை போட்டுத் தாங்கோ. கயிறு கோத்து மணிக்கட்டிலை கொழுவவேணும்.

— கயிறு என்னத்துக்கு?

— கையை விட்டு நழுவாமல் இருக்க.

— இரத்தத்திலை நழுவாமலோ? கத்தியை வையும், சந்தியோகு! கரண்டு வேலைக்காரன் ஒருத்தனும் கத்தியைக் கையிலை கட்டுறேல்லை.

— நாங்கள் கட்டுறனாங்கள், முதலாளி. கடலிலை விழுந்தா ஆர் எடுக்கிறது? அந்தப் பழக்கத்திலை கேட்டனான்.

— கொழும்பிலை எங்கையாம் கடல் நடுவிலை கரண்டு இழுக்கிறாங்கள்? நான் நம்பேல்லை. கொண்டாரும் இங்காலை!

— கையை எடுங்கோ! வெட்டிப்போடும்! ஐயோ, பாருங்கோ, உங்கடை பெருவிரல்!

— கிடக்கட்டும். கத்தியை விடும்.

— விட்டிட்டன். கையைத் தாங்கோ. மேலை தூக்கிப் பிடியுங்கோ. இது தோய்ச்ச சால்வைதான், கிழிச்சுக் கட்டிவிடுறன். நோகுதோ?

— நோகேல்லை. நல்லாக் கட்டுறீர். இந்தக் கையாலை பாவத்தைத் தேடாதையும், சந்தியோகு.

— அண்ணை! ஊரெல்லாம் தேடுறம், நீ கடையிலை நிக்கிறியோ?

— டேய் தம்பி சின்னக்குட்டி, கோடாலியை வெளியிலை வைச்சுப்போட்டு உள்ளை வா.

— வைக்கேலாது! எஸ்தாக்கியின்ரை வீட்டைக் கொளுத்திப்போட்டு வாறன். தாய்க்காரி வாய் திறக்கேல்லை. மயிரிலை பிடிச்சு முத்தத்தாலை இழுத்தம். வாயிலை குத்தினன். ரண்டு பல்லு விழுந்தது. அப்பவும் மகன் எங்கை எண்டு சொல்லேல்லை.

— திரேசம்மாவையோடா? சில்வெஸ்ரருக்கு அம்மை போட்ட நேரம் நீயே எங்கடை படலைக்கு வரேல்லை. அவள்தானே கஞ்சி காய்ச்சிக் கொண்டந்தவள்!

— அவள் பெத்தவன்தானே எங்கடை பிள்ளையைக் குத்தினவன்! நீ தேப்பன், உனக்குக் கொதிக்கேல்லையோ? கண்டனெண்டா முதல் கை, பிறகு கால். ஒவ்வொண்டாத் தறிச்சுத் தாழம்பத்தைக்கை எறிவன். கோவில் அறையும் பாத்திட்டம். நீ கண்டனியோ?

— கண்டனான்.

— எங்கை?

— சுருவில் பக்கம். பனங்கூடலாலை ஓடினவன்.

— மாதா மேலை சத்தியமோ?

— நிண்டு கதைக்காதை, ஓடு! பொழுது படப்போகுது.

— டேய் பொடியள்! சுருவிலுக்கு விடுங்கோடா!

— சந்தியோகு.

— என்ன, முதலாளி?

— உமக்குப் பொய் சொல்லத் தெரியாது. காது ரண்டும் சிவந்துபோச்சு. அவனை நீர்தான் பிடிச்சு வைச்சிருக்கிறீர். உம்மடை கையாலை முடிக்கவேணும் எண்டு தம்பியை அங்காலை அனுப்பிவிட்டீர்.

— பிடிச்சு வைச்சிருக்கிறன்தான். என்ரை வள்ளத்திலை, பாய்க்குக் கீழை.

— உயிரோடையோ?

— உயிரோடை. விடியக் கண்டல் பத்தைக்கை ஒளிச்சிருக்கக் கண்டனான். பிடரியிலை பிடிச்சுத் தண்ணிக்கை அமத்தினனான், முதலாளி. காலை அடிச்சான். குமிழி வந்தது. பிறகு குமிழியும் குறைஞ்சுது.

— பிறகு?

— அவன்ரை தலையும் என்ரை பிள்ளையின்ரை தலை மாதிரித்தான் கைக்குள்ளை இருந்தது. ஞானத் தேப்பனா நிண்டு அவன்ரை ஞானஸ்நானத்துக்கு நான் பிடிச்ச தலை. கை தானாத் தூக்கிப்போட்டுது.

— தூக்கின கை தூக்கினதாவே இருக்கட்டும். பொலிசிலை குடும்.

— குடுத்தாத் தூக்கிலை போடுவாங்கள். கோடாலியாலை செத்தாலென்ன, கயித்தாலை செத்தாலென்ன, திரேசம்மாவும் என்னை மாதிரிச் சேமக்காலைக்குத்தான் போகவேணும்.

— அப்ப இந்தக் கத்தி ஆருக்கு? நான் வாசலிலைதான் நிக்கிறன். என்னைக் குத்திப்போட்டுத்தான் நீர் இதைக் கொண்டுபோகலாம்.

— தள்ளி நில்லுங்கோ, முதலாளி. எல்லாத்தையும் ஒரு சாக்கிலை கட்டித் தாங்கோ. காத்து வாய்ச்சிருக்கு. இப்ப பாய் விரிச்சா யாழ்ப்பாணத்திலை ராத்திரி ரயில் கோச்சியைப் பிடிக்கலாம்.

— கோச்சியோ? கோச்சியிலை ஆர் போறது?

— கொழும்பிலை கரண்டு வேலை பழக்கிற பாஸ் ஆள் வருமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறார். அவர் என்ரை பிள்ளையின்ரை முகத்தைக் கண்டதில்லை. பேர் கேட்டாச் சில்வெஸ்ரர், தேப்பன்ரை பேர் சந்தியோகு எண்டு சொல்ல எஸ்தாக்கிக்குப் படிப்பிச்சுப் போட்டன்.