சேர்க்காமல் விட்ட அடையாளம்

மார்கழிப் பனி புத்தூரின் செம்மண்ணில் ஓசையின்றி இறங்கும். வெங்காயத் தாள்களின் நுனியில் அது திரண்டு நிற்க, சங்கும் சேமக்கலமும் சந்தும் ஒழுங்கையுமாக வைகறையை எழுப்பிச் செல்லும். உறங்குவோரை இறைவன் வாயிலுக்கு அழைக்கும் அம்மாதத்தில், போனவர்களை நினையாத வீடு எங்கள் ஊரில் இல்லை. அந்தப் பாடற்குழுவில் நானும் இளமைதொட்டுப் பாடி வருகிறேன்.

விசாரணைக்கு வந்த நீங்கள் என் தொழிலைக் கேட்டீர்கள். காணாமற்போனோரைத் தேடும் சிறு நிறுவனமொன்றில் கணினி நிரல் எழுதுகிறேன். பெயர் தெரியாமல் தங்கள் பொறுப்பில் இருப்போரைப் பற்றித் தென்னிலங்கைப் பராமரிப்பு இல்லங்கள் குறிப்புகள் அனுப்பும். குடும்பத்தார் சொன்ன அடையாளங்கள் அவற்றில் எங்கேனும் வருகின்றனவா என்று பார்ப்பது என் நிரலின் பணி.

அதற்கு நான் எடுத்தாளும் மென்பொருள் நூலகம் 'பில்டர்' எனும் கட்டுமான முறையில் அமைந்தது. முதலில் வெறுமையான ஒரு பில்டர். அதனோடு பெயர், தந்தை பெயர், ஊர், உடற்குறி என ஒவ்வொன்றாகத் தொடுப்போம். ஈற்றில் 'பில்ட்', அதாவது 'கட்டு' என்ற ஆணை. இப்படிக் கட்டிய தேடுகருவி அதன்பின் உறைந்துவிடும். எதையும் கூட்டவோ குறைக்கவோ இயலாது. மாற்ற வேண்டுமாயின் முதலிலிருந்து கட்ட வேண்டும். சேர்க்காமல் விட்டதைப் பற்றி அது ஒரு கேள்வியும் கேளாது. அதன் அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும்.

பிரகலாதன் என் பள்ளித் தோழன். உழவு இயந்திரத்தின் கலப்பையில் அவன் இடக்காலின் இரு விரல்கள் போன அன்று, அவனைத் தோளில் சுமந்து வைத்தியசாலைக்கு ஓடியவன் நான். இறுதிப் போரில் அவன் காணாமற்போனான். அவன் மனைவி மதுரா ஆண்டுக்கணக்கில் காத்திருந்தாள். பின்பு அவன் தாய் நாகேஸ்வரி அம்மாவே என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, அவளுக்கும் ஒரு வாழ்வு வேணும். நீயெண்டால் எனக்கு நிம்மதி," என்றார்.

மதுராவை மணந்தேன். நான் பாடுவதைக் கேட்டுக்கொண்டே அவள் பூத்தொடுப்பாள். இதைவிட வேறொன்றும் நான் இறைவனிடம் கேட்டதில்லை.

நாகேஸ்வரி அம்மா வெள்ளிதோறும் பஸ்ஸேறி அலுவலகத்துக்கு வருவார்.

"என்ன தம்பி, உன்ரை மிஷின் இண்டைக்கெண்டாலும் வாய் திறந்துதோ?"

"இன்னும் இல்லை அம்மா."

"உதுக்கும் என்னை மாதிரிக் காது அடைச்சுப்போச்சுப் போலை. அந்தக் கால்விரலைப் போட்டனீயோ? ஆள் பேரை மறந்தாலும் கால் மறைக்காது கண்டியோ."

"ஓம் அம்மா."

அப்போது அது பொய்யன்று, போட்டுத்தான் இருந்தேன்.

சென்ற ஆனியில் ஒரு குறிப்பு வந்தது. நிரலுக்குக் கொடுக்குமுன் எழுத்தைச் செப்பஞ்செய்வது என் வழக்கம். ஆகையால் முதலில் நானே படித்தேன். பெயர் சொல்லான். வயது நாற்பதளவில். இடக்காலில் இரு விரல்கள் இல்லை. உண்ணுமுன் முதற்பிடியைக் காகத்துக்கு வைத்துக் கைகூப்புவான்.

நெடுநேரம் அதைப் பார்த்திருந்தேன். பிறகு பிரகலாதனுக்குரிய தேடுகருவியைப் புதிதாகக் கட்டினேன். பெயரைச் சேர்த்தேன், தந்தை பெயரை, ஊரைச் சேர்த்தேன். உடற்குறிக்குரிய வரியை எழுதவில்லை. 'பில்ட்' என்றேன். பொருத்தம் இல்லை என்றது.

அவனை விலக்கென்று நான் எங்கும் எழுதவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அம்மா வந்தபோது திரையை அவர் பக்கம் திருப்பியே காட்டினேன். அவர் மறுபடியும் கால்விரலைக் கேட்டார்.

"அம்மா, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

புதிய குறிப்புகள் வருந்தோறும் கருவியை மீண்டும் கட்ட நேர்ந்தது. அவ்வரியை மீண்டும் மீண்டும் விட்டேன்.

கார்த்திகை பிறந்த வாரம் அம்மா படுக்கையில் வீழ்ந்தார். "மிஷின் என்ன சொல்லுது?" என்றார்.

"இல்லையெண்டுதான் சொல்லுது அம்மா."

என் நெற்றியில் திருநீறு பூசினார். "பெத்தது இல்லாட்டிலும் நீ இருக்கிறாய் ராசா."

கொள்ளியும் நானே வைத்தேன். சுடலையில் பாடியபோது என் குரல் சற்றும் பிசகவில்லை என்று ஊரார் சொன்னார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து அலுவலகம் திரும்பினேன். உடன் பணிபுரியும் லவீனா என் நிரலைத் திறந்து வைத்திருந்தாள்.

"அண்ணை, எல்லாற்றை பில்டரிலையும் உடற்குறி கிடக்கு. இவருக்கு மட்டும் ஏன் இல்லை? மறந்திட்டியளோ?"

மறந்தேன் என்றிருக்கலாம். பொய் எனக்குப் பழக்கமில்லை.

"மறக்கேல்லைத் தங்கச்சி. விட்டனான்."

அவள் அழுதாள். பிறகு உங்களுக்கு அறிவித்தாள். அவளைக் குறைகூற மாட்டேன்.

ஆம், அவன் உயிருடன் இருக்கிறான். அந்த இல்லத்தின் முகவரி எனக்கு மனப்பாடம். தாய் வாழ்ந்திருந்த ஐந்து மாதமும் அது எனக்கு மனப்பாடமாகவே இருந்தது. மதுராவின் அமைதியைக் காக்கவே இவ்வளவும் செய்தேன். அவளிடம் நீங்கள் மெல்லச் சொல்ல வேண்டும்.

இன்று வைகறையிலும் கோயிலுக்குப் போனேன். அம்மா வழக்கமாக ஏற்றும் இடத்தில் நெய்விளக்கொன்றை ஏற்றினேன். பதிகத்தை மெல்லப் பாடி முடித்து, அவர் நாள்தோறும் அங்கே நின்று சொன்ன வாழ்த்தையே நானும் மனமாரச் சொன்னேன்: பிரகலாதன் எங்கிருந்தாலும் நலமாயிருக்கட்டும்.