ஐம்பத்தாறு மாடல் பிளிமத்தின் சீட்டுத் துணி

டெல்லியில் அமெரிக்கக் கார் வைத்திருப்பவனுக்கு எஞ்சின் ஒரு கவலையே இல்லை, சார். எந்த மிஸ்திரியும் ஏதாவது ஒரு டீசல் எஞ்சினைப் பொருத்தி ஓடவைத்துவிடுவான். உள் சாமான்கள்தான் கிடைக்காது. கதவின் உள்கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் பிடி, டாஷ்போர்டுக் கடிகாரம், முக்கியமாகச் சீட்டுத் துணி. சாணக்யபுரியில் ஒரு தூதரகம் கழித்துவிட்ட பிளிமத் நாலு கை மாறி என்னிடம் வந்தபோது உள்ளே வெறும் தகரம்தான் இருந்தது. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நான் தனி ஆள். ஆபீஸ் விட்டால் சாமான் தேடுவேன். ஆறு வருஷம் தேடினேன்.

அதே மாடல், ஒரு திருகாணிகூட மாறாமல், லக்ஷ்மிபாய் நகரில் வெங்கடராமன் சாரிடம் இருந்தது. பார்க்கத்தான் போனேன். அவர் மனைவி வைதேஹி மாமி என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்.

"தனியா ஹோட்டல்ல சாப்டுண்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்கோ, கலியமூர்த்தி. ஞாயித்துக்கிழமையானா இங்க வந்துடணும், அச்சா?"

நாலு வருஷம் போனேன். டெல்லியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவர்கள் இருவர்தான். சனிக்கிழமைகளில் அவர்கள் வண்டியை நான்தான் கழுவி, பிரேக் பார்த்துக் கொடுப்பேன்.

பங்குனியில் ரிடையராகி, அந்த வண்டியிலேயே கும்பகோணம் போய்விடப்போவதாக அவர் ஒரு நாள் சொன்னார். எனக்கு விற்கும்படி கேட்டேன். சிரித்துவிட்டார். மோதியா கானில் பழைய வண்டி பிரிக்கிறவரிடம் போய், இப்படி ஒரு வண்டி கைக்கு வந்தால் உள் சாமானை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். "சாலூ காடியில் கை வைக்க மாட்டோம், பாபுஜி" என்றார். ஓடுகிற வண்டியைப் பிரிப்பது அவர்களுக்குப் பாவம். அடிபட்டு வர வேண்டும்.

அந்த வாரம் சீட்டுகளுக்கு உறை தைத்துக் கொண்டுபோனேன். மேலே வெள்ளைத் துணி, அடியில் கெட்டி ரெக்ஸின். "நன்னா தைச்சிருக்கேளே" என்று மாமி சந்தோஷப்பட்டார். சனிக்கிழமை பிரேக் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். மறுநாள் ரிட்ஜ் ரோடு வழியாகக் கரோல் பாக் கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தலைவலி என்றேன்.

சரிவில் மரத்தில் மோதி, முன்பக்கம் மட்டும் நசுங்கியது. இருவரும் அங்கேயே போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து, மோதியா கானில், உறைகளை நானே கழற்றினேன். துணியில் ஒரு பொட்டுக் கறை இல்லை. கடிகாரம் உடைந்துபோயிருந்தது. அதில் எனக்கு வருத்தம்தான்.

அவர்கள் என்னை விட்டுப் போகிறார்களே என்று செய்ததாக மட்டும் வாக்குமூலத்தில் எழுதாதீர்கள், சார். வண்டி போய்விடும் என்பதுதான் காரணம். மனிதர்கள் எனக்கு எப்போதுமே பெரிய விஷயமில்லை.

அந்தத் துணியை என் பிளிமத்தில் போட்டு வேலையெல்லாம் முடிந்த அன்று, யாருக்காவது காட்ட வேண்டும் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லக்ஷ்மிபாய் நகரில் அவர்கள் வாசலில் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். புதிதாகக் குடிவந்திருந்த பெண் வெளியே வந்து, யார் வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டாள்.

"மாமி இருக்காங்களா?" என்றேன்.