மஞ்சள் குதிரைப்படை

"பார்த்து இறக்குங்கப்பா, அந்தப் பாறையில பாசி" என்று டோலிக்காரர்களுக்கு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன் நான்தான். ஆடி மழையில் கொல்லிமலையிலிருந்து இறங்குகிற எவனும் அதைத்தான் சொல்வான்.

அன்று காலை இரண்டு டோலிகள் ஓட்டமும் நடையுமாக இறங்கின. முதல் டோலியில் செங்கோடன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். இரண்டாவது டோலியைத் தூக்க ஆள் குறைந்தது. பின்கம்புக்கு நானே தோள் கொடுத்தேன். அதில் யார் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

எனக்குப் பிறந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. வாலிபத்திலேயே மலையேறி, வளப்பூர் நாட்டில் மிளகும் காப்பியும் போட்டு, அங்கேயே குடியாகிவிட்டேன். அர்த்தனாரி தோட்டம் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எல்லாம் ஒரு யுத்த விளையாட்டில் ஆரம்பித்தது. அதை மலைக்குக் கொண்டுவந்தவன் சின்னுசாமி. ஜெர்மன் சண்டையில் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய் வந்தவன். அங்கே வெள்ளைக்கார ஆபீசர்கள் மணலில் மேடு பள்ளம் அமைத்து, சின்னச் சின்ன ஈயச் சிப்பாய்களை நகர்த்தி, என்றோ நடந்த யுத்தத்தைத் திரும்ப நடத்திப் பார்ப்பார்களாம். ஆளுக்கு ஒரு படை. அன்று தோற்றவன் இன்று ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.

நாமும் ஆடுவோம் என்றதும் எந்த யுத்தம் என்ற கேள்வியே எழவில்லை. எங்கள் மலையை ஆண்ட ஓரியைக் காரி வந்து கொன்ற யுத்தம்தான். என் காப்பிக் களத்தில் மண் கொட்டி மலை செய்தோம். ஓர் அம்பு எட்டும் தூரத்துக்கு ஓர் அளவுகுச்சி. அம்பு பட்டதா, தவறியதா என்று சொல்லத் தாயக்கட்டை. சின்னுசாமி நடுவர். வீரர்களை, மலையிலேயே பிறந்து வளர்ந்த செங்கோடன் பாலை மரத்தில் கட்டைவிரல் உயரத்துக்குச் செதுக்கி வர்ணம் தீட்டுவான். ஆடிப்பெருக்கன்று ஆட்டம்.

களம் என்னுடையது. மண் என்னுடையது. ஓரி நான் என்று நினைத்திருந்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"ஓரி நானுங்க" என்றான் செங்கோடன். "நீங்க காரி."

"ஏன்?"

"காரி கீழயிருந்து ஏறி வந்தவனுங்க. நீங்களும் கீழயிருந்து ஏறி வந்தவரு. வேசமே போட வேண்டாம், பாருங்க."

சின்னுசாமி சிரித்ததில் காப்பி வேட்டியில் சிந்தியது. "மொளகுக்காரிங்கோ!" என்றான். களத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிக்காதவள் என் மனைவி பெருமாயி ஒருத்திதான். காப்பி கொண்டுவந்தவள் அந்த மண்மலையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்க, எனக்கும் ஒரு படை குடுங்களேன். ஓரமா நின்னு ஆடிக்கறேன்" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன்.

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. விசாரித்துப் பாருங்கள். அன்றைக்கும் ஒரு வார்த்தை உரக்கப் பேசவில்லை. சரி, நான் காரியாகவே இருக்கிறேன் என்றேன். ஒன்றே ஒன்று கேட்டேன். என் குதிரைப்படை முழுக்க மஞ்சள் உடுத்தியிருக்க வேண்டும்.

செங்கோடனிடம் ஒரு பழக்கம் உண்டு. மீசைக்கு, கண்ணுக்கு, கடிவாளத்துக்கு என்று ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் தூரிகையை நாக்கில் வைத்து உருட்டிக் கூராக்குவான். ஒரு குதிரையை முடிப்பதற்குள் எத்தனை முறை நாக்கில் வைப்பான் என்று அவனுக்கே தெரியாது. நான் கவனித்திருந்தேன்.

மஞ்சளைக் குழைத்துக் கொடுக்கிற வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். எலிக்கு வைக்கிற வெள்ளைப் பாஷாணம் எந்தத் தோட்டத்திலும் இருக்கும். சேர்த்தால் மஞ்சள் சற்று வெளிறும்.

"வெயில் பட்ட சாமைக்காடு மாதிரி இருக்குதுங்க இந்த மஞ்ச" என்று செங்கோடன் மெச்சினான். அவனுக்கு நிறம் தெரியும்.

பிறகு யுத்தத்தைப் பெரிதாக்க வேண்டியதுதான் பாக்கி. காரி சேரனுக்காக வந்தவன். சேரன் படை இல்லாமல் எப்படி என்று கேட்டேன். அதை நடத்தப் பெரக்கரை நாட்டிலிருந்து அப்பாசாமியைச் சேர்த்துக்கொண்டோம். சேரனுக்கும் மஞ்சள்தான் என்றேன். முன்னால் போகிற தூசிப்படை வேண்டும், யானை வேண்டும், யானைமேல் கொடி வேண்டும் என்றேன். சொல்லச் சொல்லச் செங்கோடனுக்கு முகம் மலர்ந்தது. "பெருசாவே நடக்கட்டுமுங்க. எவனும் மறக்கக் கூடாது" என்றான். எங்களுக்குள் அத்தனை ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

அவனுக்கு முதலில் வாந்தி, பிறகு கைகால் எரிச்சல். மரவள்ளிக்கிழங்கு சேரவில்லை என்றான். நாள் தவறாமல் போய்ப் பார்த்தேன். "ஆடிப்பெருக்கு நெருங்குது செங்கோடா, குதிரை இன்னும் மீதி இருக்குதே" என்பேன்.

"ஓரி சாகறதுக்குள்ள முடிச்சுருவேனுங்க" என்பான். படுத்த பிறகும் வாய் குறையவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூடப் பிடிக்க முடியாமல் அவன் கை நடுங்கியது. ஆனால் குதிரைகள் முடிந்துகொண்டே இருந்தன. கோடுகள் முன்பைவிட மெல்லிசாக இருந்தன. வீம்புக்காரன், பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறான் என்று எண்ணிக்கொண்டேன். அங்கேதான் என் கணக்குத் தப்பியது.

அன்று காலை அவனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டோலிக்குச் சொல்லியனுப்பினேன். கம்பளி எடுக்க வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் பெருமாயி வயிற்றை அழுத்திக்கொண்டு கிடந்தாள். சில நாளாகவே அவளுக்கு உடம்பு சரியில்லை. மழைக்காலத்து வயிற்றுவலி என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன். உதட்டோரத்தில் மஞ்சள். முகத்துக்குப் பூசுகிற மஞ்சள் இல்லை. வெளிறிய மஞ்சள்.

"செங்கோடண்ணனால முடியலீங்க" என்றாள். "பாதிக் குதிரைய நாந்தான் வாங்கியாந்து தீட்டுனேன். நீங்க ஆடிப்பெருக்கு ஆடிப்பெருக்குன்னு துடிச்சுக்கிட்டு இருந்தீங்களே. அண்ணன் சொல்லிக் குடுத்துச்சு. நாக்குல வெச்சு உருட்டுனாக் கோடு கம்பி மாதிரி வருதுங்க." பிறகு சிரிக்கப் பார்த்தாள். "ஆட்டத்தன்னிக்குச் சொல்லலாமுன்னு இருந்தேன். எனக்கும் ஒரு படை இருக்குதுன்னு."

இரண்டாவது டோலியில் இருந்தவள் அவள்தான்.

செங்கோடனைப் பாதி வழியிலேயே துணி போட்டு மூடினார்கள். பெருமாயி காளப்பநாயக்கன்பட்டி டாக்டர் வாசல் வரை பேசிக்கொண்டு வந்தாள். செங்கோடண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

நானாக வந்து இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அவள் அவன் வீட்டுக்குப் போய் வந்ததைப் பார்த்தவர்கள், இருவரும் சேர்ந்து மருந்து குடித்துவிட்டார்கள் என்று மலையில் பேசுகிறார்கள். சின்னுசாமி என் முகத்தைப் பார்க்காமல் போகிறான். களத்தில் மறுபடியும் சிரிக்கிறார்கள். என் பெண்டாட்டி அப்படிப்பட்டவள் இல்லை. செங்கோடனைக் கொன்றவன் நான். அது எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

டாக்டர் என்ன கேட்டார் என்றும் நீங்கள் கேட்டீர்கள். அவளுடைய நாடியைப் பிடித்தபடியே கேட்டார்: "என்னத்தச் சாப்பிட்டாங்க? என்ன விஷமுன்னு சொன்னீங்கன்னா இப்பக்கூடக் காப்பாத்திப் பாக்கலாம். தெரியாம மருந்து குடுக்க முடியாது."

பெருமாயி என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள்.

எனக்கு எதுவும் தெரியாதுங்க என்றேன். சொல்லியிருந்தால் முதல் டோலியைப் பற்றியும் கேட்டிருப்பார்.

பொழுது சாய்ந்ததும் அவள் போய்விட்டாள். ஆனால் அவளை நான் கொன்றதாக எழுதாதீர்கள், ஐயா. உள்ளே போகச் சொல்லியிருந்தேன். என்னைக் கேட்காமல் ஆட்டத்துக்குள் வந்தவள் அவள்தான்.