செல்லம்மாள் வாசலுக்கு வந்த சாமி

டீ நன்றாக இருந்தது, ஐயா. எனக்குச் சர்க்கரை வியாதி, அதனால் பாதியோடு வைத்துவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம். மாங்காய் சீசனில் மண்டியை விட்டு அரைநாள் நகர்ந்தாலே சரக்கு அழுகிவிடும் என்று பதறுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் மண்டியைப் பூட்டிவிட்டு, யாரும் கூப்பிடாமல் உங்கள் ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் அவசரம் என்று உங்களுக்கே புரியும். அந்த யானையைப் பிடிப்பதற்கு முன்னால் நான் சொல்வதை நீங்கள் முழுக்கக் கேட்க வேண்டும்.

பெயர் காஜா. மாரண்டஹள்ளியில் மண்டி வைத்திருக்கிறேன். கரட்டு மலைக்குக் கீழே உள்ள மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பேன். தோப்புக்கு அந்தப் பக்கம், கரட்டுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பெரிய பொட்டல் உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் முள்ளுக்காடு. விடிந்தால் கௌதாரி கத்தும். கரடி வந்து புற்றை நோண்டிப் போட்டிருக்கும். கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றியதும் யானைகள் அந்தப் பொட்டல் வழியாகத்தான் ஏரிக்கு இறங்கும். வேறு வழி அவற்றுக்குக் கிடையாது.

என் மனைவி பரிதா மவுத்தான வருஷம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தோப்புப் பரணிலேயே கிடந்தேன். சோறு இறங்கவில்லை. ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் ஒற்றைக் கொம்பன் யானை ஒருவர் வந்தார். வலது காது கிழிந்திருந்தது. பரணுக்கு நேர் கீழே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒரு கிளையைக்கூட ஒடிக்காமல் ஏரிக்குப் போனார். அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன். என் காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமென்றால் என்னிடம் இல்லை.

அந்தப் பொட்டல் பட்டா நிலம். வாரிசுகள் விற்றார்கள். ஜேசிபி வந்து முள்ளையெல்லாம் வாரித் தள்ளியது. ரோடு போட்டு, மனைக்கல் நட்டு, 'மலைச்சாரல் கார்டன்' என்று வளைவு கட்டினார்கள். நான் போகாத ஆபீஸ் இல்லை. "காடு இல்லீங்களே பாய், பட்டா தானே, யாரு என்ன பண்ண முடியும்?" என்று எல்லோரும் மரியாதையாகவே சொன்னார்கள். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது நான்தான், ஒரு ஆபீசிலிருந்து இன்னொரு ஆபீசுக்கு. என் மகன் சோஹைல்கூட, "வுடுங்க அத்தா, நாமளும் ஒரு மனை வாங்கிப் போடலாம்" என்றான். பெற்ற பிள்ளையே அப்படிச் சொன்ன பிறகு நான் யாரிடம் போவேன்? அடுத்த கோடையில் அந்த வழி அடைபட்டுவிடும், அந்தக் கொம்பன் பெரியவர் வந்து சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார் என்று நினைத்துக்கொண்டே பரணில் விழித்துக் கிடந்தேன்.

மாங்கூழ் ஆலைகளில் தோலும் கொட்டையும் குவிந்து கிடக்கும்; அந்தக் கழிவையும் நாங்கள் கூழ் என்றுதான் சொல்வோம். சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில் அதை ஏற்றிவந்து மனைகளுக்கு நடுவே கொட்டினேன். புளித்த மாம்பழ வாசனைக்கு யானை எங்கிருந்தாலும் வரும். பெரியவர் வந்தார். கல்லைப் பிடுங்கினார், தண்ணீர்த் தொட்டியை உடைத்தார். மனை பார்க்க வந்தவர்கள் ஓட்டம் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். நடந்தது என்ன தெரியுமா? கம்பெனிக்காரர்கள் வளைவில் யானைப் படம் வரைந்து, 'மொட்டை மாடியில் நின்றே யானை பார்க்கலாம்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குழந்தை குட்டியோடு வந்து, உடைந்த தொட்டி பக்கத்தில் செல்பி எடுத்தார்கள். தொட்டி உடைந்தால் எவனும் பயப்பட மாட்டான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. உடைவது வேறு ஏதாவதாக இருக்க வேண்டும்.

செல்லம்மாள் அங்கே முதலில் வீடு கட்டிக் குடிவந்தவர். வளைவை ஒட்டிய முதல் மனை. அரூர்க்காரர், அரசாங்க வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர். மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, லீவுக்கு வந்துபோகப் பக்கம் என்று இங்கே கட்டினார். நல்ல மனுஷி. நான் தோப்புக்குப் போகும்போதெல்லாம் கூப்பிட்டு மோர் கொடுப்பார். "வெயில்ல இப்படி அலையாதீங்க பாய், உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பாங்க?" என்பார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவருக்கு இருந்த ஒரே மனக்குறை பண்டிகை. எங்கள் பக்கத்தில் மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் வரி உண்டு. வரி கொடுத்த வீட்டு வாசலில்தான் ஊர்வலம் வந்து நிற்கும். செல்லம்மாள் ஆசை ஆசையாக வரி கொடுக்கப் போயிருக்கிறார். ஊரில் பெரிய மனுஷர் அர்ச்சுனன், "லேஅவுட்டு நம்ம ஊருல சேராதுங்கம்மா, வாங்குற வழக்கம் இல்லீங்க" என்று அனுப்பிவிட்டார். அந்தம்மாவுக்கு அது தாங்கவில்லை. "புது வூடு கட்டி மொதப் பண்டிகை பாய். ஊருக்கெல்லாம் போற சாமி எங்க வூட்டுக்கு மட்டும் வராதுன்னா, நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று என் முன்னாலேயே அழுதார்.

இங்கே ஒரு சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டும். நீங்கள் தெற்கத்திக்காரர் என்று கேள்விப்பட்டேன். கரட்டடி ஊர்களில் யானையை யானை என்று சொல்ல மாட்டோம். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயம். சாமி என்போம். மாரியம்மனை ஆத்தா என்போம். இரண்டும் எங்களுக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. தோப்பில் இருக்கும்போது நானும் சாமி என்றுதான் சொல்வேன்; பள்ளிவாசல் ஹஜ்ரத் காதில் விழுந்தால் திட்டுவார் என்று அவர் எதிரில் பெரியவர் என்று மாற்றிக்கொள்வேன், இங்கேயும் அப்படித்தான் சொல்கிறேன். சாமி வருது என்று ஒருவர் குரல் கொடுத்தால் எங்கள் ஊரில் கதவைச் சாத்துவார்கள். அரூரில் அதே சொல்லுக்குக் கதவைத் திறப்பார்கள்.

அந்தம்மா அழுதபோதுதான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது.

"அழுவாதீங்கம்மா. இந்த வருசம் உங்க வூட்டுக்குச் சாமி வரும். நான் குரல் குடுக்குறேன், நீங்க வாசலுக்கு வந்தாப் போதும்" என்றேன். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டார். வாசல் தெளித்துக் கோலம் போடுங்கள், தட்டில் தேங்காயும் வாழைப்பழமும் நிறைய வையுங்கள் என்றேன். கற்பூரம் வேண்டுமா என்று கேட்டார். கட்டாயம் வேண்டும் என்றேன். பெரியவரை ஊர் ஊராகத் தீப்பந்தத்தைக் காட்டித்தான் விரட்டியிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே நெருப்பை நீட்டினால் அவர் பொறுக்க மாட்டார். அதற்கு முன்னாலேயே கூழ் கொட்டும் இடத்தை மனை மனையாக நகர்த்தி செல்லம்மாள் காம்பவுண்டுவரை கொண்டுவந்திருந்தேன். "தோப்பு வாசம் வூட்டுக்குள்ளயே அடிக்குது பாய், இந்தக் குடுப்பினை அரூர்ல கெடைக்குமா?" என்று சந்தோஷப்பட்டார்.

பண்டிகையன்று பொழுது இறங்கும் நேரத்துக்கு ஊருக்குள் பம்பை அடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்துக்கு ஏரியில் நிற்கிற யானை கரட்டுப் பக்கம் திரும்பும். திரும்புகிற வழியில் கூழ் கிடக்கிறது. நான் வண்டியை வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "சாமி வருது, சாமி வருது" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஆடு ஓட்டிக்கொண்டு போன முருகேஷ் ஆட்டையெல்லாம் விட்டுவிட்டுப் பாலத்துக்கு அடியில் புகுந்துகொண்டான். செல்லம்மாள் கதவைத் திறந்தார். பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார். குனிந்து கற்பூரம் கொளுத்திக்கொண்டிருந்ததால் நிமிர்ந்து பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நிமிர்ந்ததும் அவர் கண் என்னைத்தான் தேடியது. "பாய்" என்றார். கத்திக்கூடச் சொல்லவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னார். அப்போதும் கற்பூரத் தட்டைக் கீழே போடவில்லை. அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

முருகேஷ் உங்களிடம் என்ன சொன்னான்? "பாய் உசுரக் குடுத்துக் கத்துனாருங்க, அந்தம்மாதான் உள்ள போவல." பேப்பரிலும் அப்படியே வந்தது. செல்லம்மாள் மகன் என் தோளில் சாய்ந்து அழுதான். நானும் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

நான் நினைத்தது நடந்தது, ஐயா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நின்றது. முன்பணம் கட்டியவர்கள் திருப்பிக் கேட்டு கம்பெனி வாசலில் நிற்கிறார்கள். ஜேசிபியைக் கொண்டுபோய்விட்டார்கள். மறுபடியும் காலையில் கௌதாரி கேட்கிறது. ஆனால் ஜனங்கள் மறதிக்காரர்கள். ஒரு சாவு எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால் கூழ் கொட்டுவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. பெரியவரும் தவறாமல் அந்த வாசலுக்கு வந்தார்.

இந்தப் பிடிக்கிற உத்தரவுதான் நான் எதிர்பார்க்காதது. ஆட்கொல்லி என்று பேர் வைத்து, மயக்க ஊசியும் கும்கி யானைகளுமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர் என்ன செய்தார்? சாப்பாடு கிடந்தது, வந்தார். நெருப்பை நீட்டினார்கள், தள்ளினார். கொன்றது நான். நன்றாக யோசித்து, நாள் பார்த்து, அந்தம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்து, வாசலுக்கு வரவழைத்துக் கொன்றேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் வாங்கிக்கொடுங்கள். இப்போதே போன் போட்டு, ஆள் கிடைத்துவிட்டான், யானையை விட்டுவிடுங்கள் என்று சொல்லுங்கள். உங்கள் காலில் விழுகிறேன், ஐயா. அவரை அடைத்துவிட்டால் அந்தப் பொட்டல் எனக்கு எதற்கு?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

"காலையிலேயே பிடிச்சாச்சு பாய். தேடக்கூட இல்லையாம். அந்தம்மா வீட்டு வாசல்லயே நின்னு தின்னுக்கிட்டு இருந்துச்சாம், ஊசி போட்டுட்டாங்க. லாரி இந்நேரம் மாவட்டத்தைத் தாண்டியிருக்கும்."

நேற்றுச் சாயங்காலம் அங்கே கொட்டியது வெறும் தோலும் கொட்டையும் இல்லை, ஐயா. நல்ல செந்தூரா மாம்பழம். ஸ்டேஷனுக்குப் போகிறோம், திரும்பிவர எத்தனை நாள் ஆகுமோ, அவர் வந்து ஏமாந்து போகக் கூடாதே என்று வண்டி நிறையக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. யானையே போய்விட்டது என்றால், இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவே வேண்டாமே.