கல்லின் நிறத்தை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், அக்கா

மஞ்சளுக்கும் பழுப்புக்கும் இடையே மயிரிழை கண்ட மதிநுட்பமே! மையின் மனமறிந்த மாண்பே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் அச்சகத்தின் வண்ணச் சோதனை மேசையில் வழுவாது வீற்றிருந்து, வானத்துக்கு நீலமும் வயலுக்குப் பச்சையும் வகுத்தளித்த வண்ணங்களின் வழிகாட்டியே! பெற்றவர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்க, கழுத்துக் கயிற்றில் தொங்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் 'லென்ஸ் அக்கா' என்றே எல்லோர் வாயிலும் வாழும் எங்கள் அன்பு அக்கா அவர்களே!

அடைமொழிகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்னும் இரண்டு சேர்த்தால், மை கூடிவிட்டது, குறையுங்கள் என்று இந்தப் பணி நிறைவு விழா மேடையிலேயே சொல்லிவிடுவீர்கள்.

உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பன்னிரண்டைப் படமாகத் தாங்கி ஆண்டுதோறும் வெளிவரும் நம் சுவர் நாட்காட்டி, எத்தனையோ வீடுகளின் வரவேற்பறையிலும் மருத்துவமனைகளின் காத்திருப்பு அறையிலும் தொங்குகிறது. அதன் ஒவ்வொரு தாளும் ஈரம் உலராமல் உங்கள் மேசைக்கு வந்து, வெள்ளை விளக்கின் கீழ் விரிந்து, உங்கள் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தது. ஒரு பனிமலைப் படத்தின் வெண்மைக்காக, அச்சு இயந்திரம் ஓட்டும் மெஷின்மேனைப் பத்தொன்பது முறை திருப்பி அனுப்பினீர்கள். இருபதாவது முறை அவர் பழைய தாளையே மீண்டும் கொண்டுவந்து நீட்ட, "இது ஏழாவது தாளுப்பா" என்று நிமிராமலே சொன்னீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களிடம் விளையாடுவதில்லை.

குறை சொல்லாத பாராட்டு மடலை நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஆகவே எட்டாண்டுகளுக்கு முன் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம்.

பாறையைக் குடைந்து கட்டிய பழைய நகரம் ஒன்றின் படம் அந்த ஆண்டு வந்தது. கல் முழுக்க ரோஜா நிறம். படத்தில் ஏதோ சாயம் ஏறிவிட்டது, கல் இப்படி இருக்காது என்று முடிவுகட்டி, மெஜந்தா என்னும் செம்மையைக் குறைத்து, மஞ்சளை ஏற்றி, பார்ப்பவர் மெச்சும் மணல் நிறத்தைக் கொண்டுவந்தீர்கள். அச்சுத் தொழில் தெரிந்த எவரும் அதையே செய்திருப்பார்கள். நாட்காட்டி சுவர்களில் ஏறி மூன்று மாதம் ஆனபின், நம்மிடம் வழக்கமாக வேலை கொடுக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். அந்த நகரத்துக்குப் போய்த் திரும்பிய களைப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது. "அந்தக் கல்லு நெஜமாவே ரோஸ்தாங்க. சாயங்காலம் பாத்தா அழுகையே வந்துடும்" என்றார், குற்றம் சாட்டும் எண்ணம் துளியும் இல்லாமல்.

அவர் போனபின் நீங்கள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. யாரும் உங்களைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் காலை, உங்கள் விளக்குக்கு மேலே பன்னிரண்டு இடங்களின் பெயர்களை எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தலைப்பாக இருந்தது ஒரே வரி: 'ஆண்டுக்கு ஒன்று, என் கண்ணால்.' பெரிய பயணப் பித்து பிடித்துவிட்டது என்று நாங்கள் கிண்டல் செய்தோம். பார்க்காத ஒன்றின் நிறத்தை இவ்வளவு பேர் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறோமே என்ற உறுத்தல்தான் அந்தத் தாள் என்று எங்களுக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின.

முதல் ஆண்டே, பேருந்தில் ஆறு மணி நேரம் போய், பட்டியலில் இருந்த பழைய கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல், "நாலு வருஷமா அந்தக் கோட்டைச் சுவத்துப் பாசிக்குப் பொய்ப் பச்சை அடிச்சிருக்கோம். அது கறுப்புப்பா" என்றீர்கள். அந்தச் சந்தோஷத்தை நாங்கள் உங்கள் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பட்டியலில் ஒரு குறி விழுந்தது. இன்றுவரை அந்த ஒன்றுதான்.

மீதிப் பதினொன்று ஏன் அப்படியே நிற்கின்றன? புகழுரை வாசிக்கும் மேடையில் இதைச் சொல்வது சற்று முறைகேடுதான். காரணம் நாங்கள். ஒரு முறை மெஷின்மேன் காலை முறித்துக்கொண்டு படுத்தார்; நீங்கள் விடுப்பை ரத்து செய்தீர்கள். இன்னொரு முறை மழைநீர் காகிதக் கிடங்குக்குள் புகுந்தது, ரத்து செய்தீர்கள். மூன்றாவது முறைக்குப் பொறுப்பு, இந்த மடலை எழுதும் பிழை திருத்துபவனாகிய நான்.

செப்டம்பருக்கு முப்பத்தொரு நாள் கொடுத்த மகான் நான். அதனால் அதன்பின் வந்த மூன்று மாதங்களின் கிழமைகளும் தள்ளிப்போய் நின்றன. நான்கு தாள்களையும் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. அன்று காலை நீங்கள் ஒரு பெட்டியோடு அச்சகத்துக்கு வந்ததும், பதினொரு நாள் உடனிருந்து எல்லாவற்றையும் அடித்து முடித்ததும் நினைவிருக்கிறது. அந்தப் பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன மாதம் உங்கள் மேசையை ஒழுங்குபடுத்த உதவியபோது, அடி இழுப்பறையில் இரண்டு பயணச்சீட்டுகள் கிடந்தன. அந்த நாளின் தேதி. அந்த ரோஜா நிற நகரம். ஐந்தாண்டுகளில் ஒரு நாள்கூட, ஒரு கோபத்தில்கூட, இதை நீங்கள் என்னிடம் சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. இப்போதும் இருக்கிறது.

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் வீட்டுக்காரரிடம் விசாரித்தோம். "மூணு தடவ பெட்டி கட்டி மூணு தடவ பிரிச்சோம். இப்போ பெட்டிக்கே பழகிடுச்சு" என்று சிரித்தார். இரண்டாவது சீட்டு யாருடையது என்பதை அப்போதுதான் யோசித்தோம்.

பணி நிறைவுக்குப் பிறகும் வாரம் மூன்று நாள் வந்து வண்ணம் பார்த்துத் தர வேண்டும் என்று மேலாளர் அவர்கள் கேட்டதையும், நீங்கள் பாதி தலையசைத்துவிட்டதையும் அறிவோம். அந்தத் தலையசைப்பு எங்களைப் பயமுறுத்தியது. மூன்று நாள் ஐந்தாகும். ஐந்து நாள் இன்னொரு பெட்டியைப் பிரிக்க வைக்கும். உங்கள் முழங்கால்களும் இனி எங்கள் வசதிக்குக் காத்திருக்கப் போவதில்லை. ஆகவே எங்கும் கேட்டிராத வேண்டுகோள் ஒன்றை இந்தப் பாராட்டு மடலில் வைக்கிறோம்: தயவுசெய்து திரும்பி வராதீர்கள்.

கோபிக்க வேண்டாம். வேலை ஒன்று கொடுத்துத்தான் அனுப்புகிறோம். வரும் நாட்காட்டியின் ஜூலைப் பக்கத்துக்கு அதே நகரத்தின் படத்தைத் தேர்ந்திருக்கிறோம். மற்றப் பதினொரு தாள்களும் உங்கள் பார்வைக்கு வந்து முடிந்துவிட்டன. ஜூலை மட்டும் அச்சேறவில்லை. மேலாளர் முதலில் தயங்கினார். மெஷின்மேன் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா பாத்துட்டு சொல்லாம நான் அந்த பிளேட்ட மாட்ட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு மெஷினை நோக்கி நடந்துவிட்டார். மேலாளர், கடைசித் தேதி எது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். உங்கள் வீட்டுக்காரர் அடுத்த மாதத்துக்கு இரண்டு சீட்டுகள் எடுத்துவிட்டார். இந்த முறை அவற்றை அவரே வைத்திருக்கிறார்.

சட்டமிட்ட இந்த மடலோடு உள்ளங்கை அகல வண்ண அட்டை ஒன்றையும் தருகிறோம். மணல் நிறத்தில் தொடங்கி ரோஜா நிறத்தில் முடியும் பன்னிரண்டு கட்டங்கள். மெஷின்மேன் தன் கையால் அடித்தது, உங்களுக்குக் காட்டாமல் அடித்த முதல் தாள். அந்தக் கல்லின் எதிரே, சாயங்கால வெளிச்சத்தில், இதைப் பிடித்துப் பாருங்கள். எந்தக் கட்டம் கல்லோடு ஒத்துப்போகிறதோ அதில் ஒரு குறி போட்டு அனுப்புங்கள். அவசரமில்லை. அழுகை வந்தால் முதலில் அழுது முடியுங்கள்.

கூர்ந்த கண்ணும் குன்றா நலமும் நடக்கச் சலிக்காத கால்களும் நீண்ட நெடிய ஆயுளும் பெற்று, பட்டியலின் பன்னிரண்டும் குறி பெற்று, பதின்மூன்றாவதைத் தேடும் பேராசையும் பெற்று நீவிர் வாழ்க! ஜூலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.

இங்ஙனம்,
மெஷின்மேன், பைண்டிங் பிரிவினர், செப்டம்பரைத் தினமும் எண்ணிப் பார்க்கும் பிழை திருத்துபவன்,
மற்றும், தயங்கினாலும் கையெழுத்திட்ட மேலாளர்