கையில் கத்தும் வண்டு

புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் ஷேர் ஜீப்பில், புளி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு நடுவயது அம்மாவும் ஓர் இளைஞனும் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். திடீரென்று அவன் சொன்னான்:

"அக்கா, என் கையில வண்டு கத்தல."

"இன்னாடா சொல்ற? ஊசி குத்தறதுக்கு ஆபரேசன் பண்ண கையிலயா?"

"ஆமாக்கா. வண்டி ஏறுனதுலேர்ந்து காதுல வெச்சு வெச்சுப் பாக்கறேன். ரத்தம் ஓடற அந்த வண்டு சத்தம் நின்னா, ரத்தம் அடைச்சிக்கிச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இந்த எஞ்சின் சத்தத்துல இன்னாத்த கேக்கும்? அண்ணே, வண்டிய கொஞ்சம் நிறுத்துங்க."

டிரைவர் எஞ்சினை அணைத்தார். அந்த அம்மா அவன் மணிக்கட்டில் காதை வைத்தார். ஜீப்பில் யாரும் அசையவில்லை.

"கத்துதுடா, நல்லாவே கத்துது. சும்மா பயந்து சாவாத."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர், அதே ஆபரேஷன் செய்த, வளையல் போடாத தன் கையை நீட்டினார்.

"அப்பிடியே என்னுதயும் கேளு. நேத்துலேர்ந்து எனக்குக் கேக்கல. காதுதான் மந்தமாயிடுச்சோ இன்னாமோ."

அவன் குனிந்து கேட்டான். மறு காதையும் வைத்துக் கேட்டான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் டிரைவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, வண்டிய சீக்கிரம் எடுங்க."