இரைச்சல் நீக்கிய கடல்

புத்தளத்து வெக்கையில் எவ்வளவு நல்ல கெமராவும் கொஞ்சம் பொய் சொல்லத்தான் செய்யும். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. வானப் புகைப்படப் போட்டிக் குழுவின் சார்பில் கொழும்பிலிருந்து பஸ் ஏறி இந்தக் கண்டக்குழி வரைக்கும் வந்திருக்கிறீர்கள். முதல் பரிசு பெற்ற என் படத்தின் மூலப் படங்களைத் திறந்து பார்த்தோம், கீழ்ப்பக்கம் ஒரு வெளிச்சக் கோடு தெரிகிறது, பரிசுப் படத்தில் அது இல்லையே, எங்கே போனது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தில்லுமுல்லு செய்தவன்தான் இதற்குக் கோபப்படுவான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இந்த ஊரில் இதையெல்லாம் என்னிடம் யாரும் கேட்பதில்லை. தேத்தண்ணீரைக் குடியுங்கள். என் மனைவி றம்லா இஞ்சியைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டிருப்பாள்.

என் பிழைப்பு கல்யாண வீட்டுப் படம். கற்பிட்டியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. பகல் முழுக்க மாப்பிள்ளைமாரின் முகப்பருவை அழிப்பேன். இருட்டினால் வானத்தின் முகப்பருவை அழிப்பேன். வேலை ஒன்றுதான். சண்டைக் காலத்தில் என்றால், ராவில் கடற்கரையில் முக்காலியோடு நிற்பவனை நேவி சும்மா விட்டிருக்காது. இப்போது அந்தத் தொல்லை இல்லை. மிஞ்சியிருந்தது பக்கத்துச் சுற்றுலா விடுதியின் கரை விளக்கு. முதலாளியிடம் நைசாகப் பேசி, நான் படமெடுக்கும் நாட்களில் விளக்கை அணைக்கவும், வெள்ளைக்காரர்களைக் கரைக்கு விடாமல் வைத்திருக்கவும் சம்மதிக்க வைத்தேன். அந்த நேரத்தில் கரையில் என்னைத் தவிர ஒரு குருவி இருக்காது.

ஆழ்வானப் படத்தில் சண்டையெல்லாம் இரைச்சலோடுதான். நீங்கள் குழுவில் இருப்பவர், உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், சொல்லிப் பழகிவிட்டது. தூரத்து வெளிச்சம் துளித் துளியாகத்தான் வரும். அதைப் பிடிக்கக் கெமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் உள்ளே சூடாகி, வானத்தில் இல்லாத சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் படமெல்லாம் கொட்டிவிடும். அந்தக் குப்பைக்குத்தான் இரைச்சல் என்று பெயர். பக்கத்து மீன்வாடிக் குடிசையில் இருக்கும் நிக்கொலஸ் நல்ல மனிதர். நான் இரைச்சலைக் குறைக்கப் பாடுபடுகிறேன் என்று கேள்விப்பட்டு, ஒரு கிழமை தன் ரேடியோவை முணுமுணுப்பாக வைத்துக்கொண்டார். பிறகு வந்து, “ரேடியோவ நான் குறைச்சிட்டன் நாநா, கடல ஆர் குறைக்கிற?” என்று கேட்டார். நான் விளக்கப் போகவில்லை. அவர் சீக்கிரம் விளக்கை அணைத்துப் படுப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

சூட்டுக்கு நான் கண்டுபிடித்த மருந்து மீன் ஐஸ். கெமராவைப் பொலித்தீனில் சுற்றி, மீன் வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஓட்டை போட்டுக் கண்ணை மட்டும் வெளியே விட்டு, சுற்றிவர ஐஸ் அடுக்குவேன். அதைக் கொண்டுவந்து தருவது என் தங்கச்சி றுமைஸாவின் புருஷன் ஃபைஸல். படகுக்கு வாங்கும் ஐஸில் எனக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்பான். சிரித்த முகம். எந்த வேலையையும் பகிடியாகச் செய்வான். படமெடுத்து முடிந்ததும் கண்ணை மூடியால் மூடி, அதே குளிரில் கொஞ்சம் இருட்டுப் படங்களும் எடுப்பேன். அப்போது கெமரா தன் பொய்களை மட்டும் தனியாகப் பதியும். பிறகு அதை நல்ல படத்திலிருந்து கழித்துவிடலாம். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு ஃபைஸல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூடியைப் போட்டுக்கொண்டு படமெடுக்கும் ஸ்டூடியோக்காரனை நம்பி ஊரார் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்கிறார்களே என்றான். எனக்கு அவனை நிரம்பப் பிடிக்கும். அதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட கோட்டுக்கு வருகிறேன். பரிசுப் படத்தில் இருப்பது பெரிய மகெல்லன் மேகம். நம்முடைய பால்வீதிக்கு வெளியே இருக்கும் இன்னொரு நட்சத்திரக் கூட்டம். அங்கிருந்து வெளிச்சம் இங்கே வர ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நம் ஊரில் அது தெற்கே கடலை ஒட்டித்தான் தலைகாட்டும். தை, மாசியில் முன்னிரவில் கொஞ்சம் உயர்ந்து நின்றுவிட்டு, தென்மேற்கே இறங்கிவிடும். நுரைச்சோலை மின்நிலைய விளக்குகளின் வெளுப்பு இல்லாமல், நிலவு இல்லாமல், பனிமூட்டம் இல்லாமல் ஓர் இரவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படியொரு மாசி அமாவாசைக்காக நான் மூன்று வருஷம் காத்திருந்தேன்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஃபைஸல் வழக்கம்போல ஐஸ் கொண்டுவந்தான். வழக்கமாக அவனோடு கடலுக்குப் போகும் நிக்கொலஸின் மகன் காய்ச்சலில் படுத்திருந்தான்.

“தனியப் போக ஏலா மச்சான். நீங்க வாங்களன். கரைக்குக் கிட்டத்தான், வலையப் போட்டுட்டு வந்திரலாம்” என்றான்.

வானத்தைக் காட்டி, இன்றைக்கு விட்டால் பிறகு கிடைக்காது என்றேன். வானம் நாளைக்கும் அங்கேதான் இருக்கும் என்று சிரித்தான். அவனுக்கு வானம் தெரியாது, பாவம். ஐஸைத் தன் கையாலேயே பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிட்டுத் தனியாகப் போனான். போனைக் கடலுக்குக் கொண்டுபோகும் பழக்கம் அவனுக்கு இல்லை. ஏற்கெனவே இரண்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு றுமைஸாவிடம் நல்ல ஏச்சு வாங்கியிருந்தான்.

படங்கள் அருமையாக விழுந்துகொண்டிருந்தன. பாதி எடுத்திருப்பேன், கெமராத் திரையில் கடற்கோட்டுக்கு மேலே ஒரு சின்னக் கோடு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். கடலில் ஒரு டோர்ச் மெல்ல உயர்ந்து, தாழ்ந்து, உயர்ந்து, தாழ்ந்துகொண்டிருந்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்கும் கெமராவில் அது கோடாகத்தானே விழும். அந்தச் சைகைக்கு இந்தக் கடலில் ஒரே அர்த்தம்தான். இஞ்சின் நின்றுவிட்டது, வந்து இழுத்துப் போங்கள். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை இயக்கம் வெளியேற்றியபோது, வள்ளத்தில் வந்து இதே கடலில்தான் இஞ்சின் நின்று தத்தளித்தோம். வாப்பா டோர்ச்சை அப்படித்தான் உயர்த்தி உயர்த்திக் காட்டினார். றுமைஸா அப்போது கைக்குழந்தை. கரையிலிருந்து முகந்தெரியாத மனிதர்கள் வள்ளம் தள்ளி வந்து எங்களை இழுத்துப்போனார்கள். ஆகவே எனக்கு அந்தச் சைகை நன்றாகத் தெரியும். அது ஃபைஸல் என்பதும் தெரியும். அன்று அந்தப் பக்கம் போனது அவன் ஒருவன்தான்.

நிக்கொலஸின் படகு அவருடைய வாடிக்கு முன்னால்தான் கிடந்தது. ஒரு கூப்பாடு போட்டால் எழும்பியிருப்பார். அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். டோர்ச் அடிப்பார்கள், மோட்டார் சைக்கிள் விளக்கைக் கடலுக்குத் திருப்புவார்கள், படகைத் தள்ள ஆட்கள் ஓடிவருவார்கள். மணல் அதிர்ந்து கெமராத் தாங்கி மயிரளவு நகர்ந்தாலும் எடுத்ததெல்லாம் வீண். அதெல்லாம் அடங்கும்போது மேகமும் இறங்கிவிடும். அத்தனை தூரம் பயணம் செய்து வந்த வெளிச்சம், கடைசி நேரத்தில் அதை நாம் அலட்சியம் செய்வதா என்று எனக்குத் தோன்றியது. இஞ்சின் நிற்பதொன்றும் புதினமல்ல, கிழமைக்கு ஒருவனுக்கு நிற்கும். அவன் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான், முடிந்ததும் நானே போய் நிக்கொலஸை எழுப்பலாம் என்று நினைத்தேன். கரையில் வேறு யாராவது பார்த்திருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

பேனையை ஏன் வைத்துவிட்டீர்கள்? எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமான இடம் இனித்தான் வருகிறது.

என் தாங்கி வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்புவது. அதனால் படத்துக்குப் படம் நட்சத்திரம் அதே இடத்தில் நிற்கும், கடலில் இருக்கும் வெளிச்சம் இடம் மாறிக்கொண்டே போகும். எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கொம்பியூட்டர் என்ன செய்யும்? எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நிற்பதை வைத்துக்கொள்ளும். இடம் மாறுவதைத் தள்ளிவிடும். விமானம், செய்மதி, மின்மினி, எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். நான் அழிக்கவில்லை, பாருங்கள். முகப்பருவை அழிப்பதுபோல நான் கை வைக்கவே இல்லை. கணக்கு தானாகத் தள்ளியது. அந்த வெளிச்சம் பரவி மேகத்தைக் கெடுத்துவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரையில் பெருப்பித்துப் பார்த்தேன். நல்லவேளை, பரவவில்லை.

மூலப் படங்களை வரிசையாக ஓட்டினால் உங்களுக்கு இன்னும் விளங்கும். முதலில் நேரான கோடுகள். பிறகு கோடு கோணலாகி, படம் முழுக்கக் கிறுக்கியதுபோல் ஆகிறது. வாடைக் காற்று அவனைக் கடலடிக் கற்பாருக்கு மேல் தள்ளிக்கொண்டுபோய், அங்கே அலை முறியும் இடத்தில் படகு கவிழ்ந்த நேரம் அதுவாக இருக்கும். அதற்குப் பிறகு கோடு இல்லை, கடற்கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி மட்டும்தான். தண்ணீர் மட்டத்தில் பிடித்திருக்கும் வெளிச்சம் அப்படித்தான் தெரியும். அந்தப் புள்ளி நெடுநேரம் இருந்தது. கல்யாண வீட்டில் ஒரு பந்தி சாப்பிட்டு எழும்பும் நேரம் என்று வையுங்கள். அது தெரிந்த படங்களையெல்லாம் ஒன்றும் கழிக்காமல் வைத்திருக்கிறேன். பிறகு புள்ளி அணைந்தது. எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேகம் இறங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அதையும் எடுத்து முடித்தேன். மூடியைப் போட்டு இருட்டுப் படங்களையும் எடுத்தேன். ஃபைஸல் அடுக்கித் தந்த ஐஸ் அப்போதும் முழுதாக உருகியிருக்கவில்லை. அதனால்தான் படம் இவ்வளவு துப்புரவாக வந்தது.

நிக்கொலஸை எழுப்பவில்லை. அப்போது எழுப்பி என்ன பயன்?

விடிந்ததும் ஊரே தேடியது, நானும் தேடினேன். எந்தப் பக்கம் போனால் கிடைப்பான் என்று நேவிக்காரர்களிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், வீண் கதை வளரும். மறுநாள் பள்ளிவாசல்துறைப் பக்கம் ஒதுங்கினான். ஜனாஸாவை எடுத்தபோது சந்தூக்குப் பெட்டியின் முன்காலைத் தூக்கியவன் நான்தான். அழுதேன். அது நடிப்பல்ல. அதற்குப் பிறகு பல நாள் மீன் ஐஸின் வாசம் பட்டாலே கண் கலங்கும், இப்போது குளிர்பெட்டி ஐஸுக்கு மாறிவிட்டேன்.

பரிசு கிடைத்ததும் படத்தைப் பெரிதாக அடித்து, சட்டம் போட்டு, றுமைஸாவுக்குக் கொடுத்தேன். நாலு மாதம் பத்து நாள் அவள் இருந்த இத்தா முடிந்து சில நாள். மேலே மேகமும், கீழே பட்டுத்துணி விரித்ததுபோல் கடலும். அவள் அதை முன்கூடத்தில் மாட்டச் சொல்லிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நாநா, இது அண்டைக்கு ராவு எடுத்ததா?”

“ஓம்.”

“நீங்க கரையிலதானே இருந்தீங்க. அவர் ஒரு டோர்ச்சாவது காட்டல்லயா? ஒரு வெளிச்சமும் காணல்லயா நீங்க?”

“படத்தக் கிட்டப் போய்ப் பாரு” என்றேன். “கடல்ல எங்கயாவது வெளிச்சம் இருக்கா?”

அவள் கண்ணாடியில் மூக்கு முட்டுமளவு கிட்டப் போய்த் தேடினாள். ஒரு மூலையையும் விடவில்லை.

“இல்ல” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அப்ப டோர்ச் காட்டவும் நேரமில்லாம, ஒரு நொடியில மௌத்தாகியிருக்கார். கஷ்டப்படல்ல. அல்ஹம்துலில்லாஹ்.”

அன்றிலிருந்து அவள் ராவில் தூங்குகிறாள். றம்லாவே சொல்வாள், நான் கொடுத்த படம்தான் அவளைத் தேற்றியது என்று. ஒரு படம் இதைவிட வேறு என்ன செய்ய வேண்டும்? நான் அவளிடம் பொய்யும் சொல்லவில்லை. படத்தில் வெளிச்சம் இல்லைதானே.

ஆகவே உங்கள் குழுவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இவன் எதையும் சேர்க்கவில்லை, எதையும் கையால் அழிக்கவுமில்லை, விதியை மீறவில்லை. மூலப் படங்கள் அத்தனையும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. மறைக்கிறவன் இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பானா? கொண்டுபோங்கள், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள், பொலிஸில் கொடுப்பதென்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. றுமைஸாவிடம் மட்டும் காட்டிவிட வேண்டாம். அவளுக்கு இந்த நுட்பமெல்லாம் விளங்காது. இரைச்சலைப் பார்த்துவிட்டு, ஃபைஸல் என்று நினைத்துவிடுவாள்.